போத்தலில் வந்த தண்ணீர்

இன்று காலை ஆய்வுகூடத்து மெசின் அறையின் மேசை லாச்சியைத் துப்பரவாக்கும்போது உன்னுடைய பழைய நிரல் அகப்பட்டது. மெசினில் பூட்டுகிற ஒரு சாண் நீள உருக்குக் குழாய். இரண்டு பக்கமும் மூடியை இறுக்கித் திருகி, வெள்ளைத் துண்டொன்றில் சுற்றி வைத்திருந்தாய். மேலே ஒட்டியிருந்த பட்டியில் உன் கையெழுத்து: "தொட்டால் கை முறியும்." மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். நீ உள்ளே நிரப்பி வைத்த மெதனோல் எப்போதோ காய்ந்துபோயிருந்தது. ஒரு மணமும் இல்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

எல்லோர் மேலும் கோபம். எங்கள் நிறுவனத்தை நடத்தும் பெரிய சேர் மேல், வெங்காயத் தோட்டக்காரர் மேல், நல்ல மனத்தோடு கெட்டது செய்த ஒரு மனுசி மேல். உன் மேலும் கொஞ்சம் உண்டு. செத்துப்போனவள் மேல் கோபிக்கக்கூடாது என்பார்கள். சொல்பவர்கள் சொல்லட்டும், அவர்களுக்கென்ன.

அந்த மெசினுக்குப் பாடப்புத்தகத்தில் உயர் செயற்றிறன் திரவ நிறப்பகுப்பியல் கருவி என்று மூச்சு வாங்க வைக்கும் பெயர் இருந்தது. நாங்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆய்வுகூடம் பார்க்க வரும்போது விளக்கம் சொல்வது உன் வேலை. எனக்குப் பொறுமை இல்லை என்று உனக்குத் தெரியும். நிரலைக் கையில் தூக்கிக் காட்டி நீ தொடங்குவாய்.

"இது தேர்த்திருவிழாக் கடைத்தெரு எண்டு வையுங்கோ. உள்ளுக்கை முழுக்கக் கடை. மெசின்ரை பம்பி பின்னாலை நிண்டு எல்லாரையும் தள்ளிக்கொண்டு போகுது. கடையைப் பாக்காதவை விறுவிறெண்டு மற்றப் பக்கத்தாலை வெளியிலை வந்திடுவினம். இந்த அக்கா மாதிரிக் காப்புக் கடையிலை நிக்கிறவை கடைசியாத்தான் வருவினம்."

பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் உன்னை முறைப்பேன். ஆனால் அதைவிட வடிவாக அதை ஒருவரும் சொன்னதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கிற ஒவ்வொரு பொருளும் அந்தக் குழாய்க்குள் தனக்குப் பிடித்த இடத்தில் தங்கித் தங்கி, தனக்கென்று உள்ள நேரத்தில் வெளியே வரும். வரும்போது திரையில் ஒரு கூர் எழும். எந்த நேரத்தில் எழுகிறது என்பதை வைத்து ஆள் யார் என்று சொல்லலாம், எவ்வளவு உயரம் என்பதை வைத்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்லலாம். அவ்வளவுதான் எங்கள் தொழில். ஒன்றும் வராத இடத்தில் கோடு தட்டையாக ஓடும். தட்டைக் கோட்டைப் பார்க்க உனக்குப் பெரிய விருப்பம். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் ஒன்றும் கலக்காத சுத்தத் தண்ணீரை விட்டு ஓட்டி, கோடு தட்டையாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் மாதிரியைத் தொடுவாய். "முதல்லை மெசினுக்கு வாய் கொப்பளிக்கக் குடுக்க வேணும்" என்பாய்.

உரும்பிராய் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றில் மாதிரி எடுக்க நீ போன அன்று எனக்குக் காய்ச்சல், நான் வரவில்லை. நீ போய்ச் செம்மண் அப்பின காலோடு திரும்பி வந்ததாகச் சொன்னார்கள். கொழும்புத்துறையில் தகப்பனின் வள்ளத்துக் கயிறு இழுத்த கை உனக்கு. யாரையும் அள்ளித் தரச் சொல்லிக் கேட்கமாட்டாய். நீயே வாளியை இறக்கி, நீயே இழுத்து, அந்தத் தண்ணீராலேயே போத்தலை அலசி ஊற்றி, பிறகு நிரப்பிக்கொண்டு வந்தாய்.

அந்த மாதிரியில்தான் கூர் எழும்பியது. தடைசெய்த ஒரு பூச்சிமருந்து. நீ துள்ளிக் குதிக்கவில்லை. திரும்ப ஓட்டினாய். பிறகு அந்த மருந்தையே தெரிந்த அளவில் மாதிரிக்குள் கலந்து ஓட்டினாய். பக்கத்தில் புதிதாய் இன்னொரு கூர் வரவில்லை. இருந்த கூரே உயர்ந்தது. "ஆள் அவர்தான்" என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னாய். உன் குரலில் பயம் இருந்தது. அந்த வளவின் பின்பக்கத்தில் குடியிருந்த கூலிக் குடும்பம் அதே கிணற்றைத்தான் குடிக்கிறது என்பதையும் நீதான் விசாரித்து வைத்திருந்தாய்.

றிப்போட் பெரிய சேரின் மேசைக்குப் போன பிறகு நடந்ததை நீ அறிவாய். நான் அதை உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் எனக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. தோட்டக்காரரின் ஆட்கள் வந்து, இந்தக் கதை வெளியே போனால் எங்கள் வெங்காயத்தை ஒருவனும் வாங்கமாட்டான் என்று அவருடைய அறையில் சத்தம் போட்டார்கள். அவர்கள் போனதும் அவர் உன்னைக் கூப்பிட்டார்.

"கடற்கரைப் பக்கத்து ஆக்களுக்குக் கிணத்துத் தண்ணியைப் பற்றி என்ன தெரியும் பிள்ளை?" என்றார் சிரித்துக்கொண்டு. அது பகிடியாம்.

"உப்பைப் பற்றித் தெரியும் சேர்" என்றாய் நீ.

உனக்கு அந்த வாய் இருந்தது. அதற்குப் பிறகு அது எங்கே போனது என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

திரும்பவும் மாதிரி எடுக்கத் தானே போவதாக அவர் சொன்னார். வாகனத்தில் போனார், வாகனத்தில் வந்தார், போத்தலை என் கையில் தந்தார். "நீரே மெசினிலை ஓட்டும். அவ பக்கத்திலை வரவேண்டாம்" என்றார். நான் மெசினுக்கு வாய் கொப்பளிக்கக் கொடுத்தேன். மாதிரி செலுத்தும் ஊசியைக் கழுவினேன். செலுத்தினேன். நீ கதவோரம் நின்றாய். அந்தக் கூர் வரவேண்டிய நிமிடம் வந்தது, போனது. கோடு தட்டையாக ஓடியது. உனக்கு விருப்பமான தட்டைக் கோடு.

"இன்னொருக்கா ஓட்டு" என்றாய். ஓட்டினேன். தட்டை.

அப்போது நீ சொன்னதுதான் என் நெஞ்சில் முள்ளாய்க் கிடக்கிறது. நீ கத்தவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்: "நீ ஓட்டினதெண்டால் சரியாத்தான் இருக்கும்."

நான் சரியாகத்தான் ஓட்டினேன். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. மெசினும் பொய் சொல்லவில்லை. கொடுத்த தண்ணீரைப் பற்றித்தான் அது பேசும். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று அதனிடம் கேட்க முடியாது.

நான் பெரிய சேரோடு சண்டை பிடித்தேன். ஒரு கிணறு ஒருமுறை ஒரு மாதிரியும் மறுமுறை வேறு மாதிரியும் காட்டினால் மூன்றாம் முறை எடுப்பதுதானே முறை என்று கேட்டேன். இனி அந்தத் தோட்டத்துப் பக்கம் ஒருவரும் போகக்கூடாது என்றார். உன் போத்தலில் மிச்சம் இருந்த தண்ணீரையும் ஊற்றிவிடச் சொன்னார். "அவ கழுவாத ஊசியாலை வந்த வினை. உமக்கும் கொன்றாக்ற் முடியப்போகுது, தெரியும்தானே?" என்றார். உன் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. காரணம் கவனக்குறைவு.

நீ நின்று கத்துவாய் என்று காத்திருந்தேன். நீ என்ன செய்தாய்? நிரலைக் கழற்றி, மெதனோலால் கழுவி, துண்டில் சுற்றி லாச்சியில் வைத்தாய். அவருடைய நிரல்தானே, பழுதாய்ப் போகட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அதைக்கூடப் பக்குவமாய் வைத்துவிட்டு, கவனக்குறைவு என்ற பெயரோடு வீட்டுக்குப் போனாய். அந்தப் பக்குவத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கொழும்பில் ஒரு உடுப்புக் கொம்பனியின் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தாய். ஆய்வுகூட வேலை ஒன்று இருக்கிறது, எழுதிப் போடு என்று நான் எத்தனை தடவை சொல்லியும் மறுத்துவிட்டாய். "நான் இனி ஊசியைத் தொடமாட்டன்" என்றாய். பிறகு உன் தொலைபேசி அழைப்புகள் ஒரு மாதிரியாய் மாறின. ஊர்ப்புதினம் கதைத்துக்கொண்டிருப்பாய். நடுவில் நிற்பாட்டிக் கேட்பாய்.

"அண்டைக்கு நான் ஊசியைக் கழுவினனான்தானே?"

"நான் அண்டைக்கு வரேல்லையடி. நீ கழுவாமல் விடுற ஆளோ?"

"கழுவினனான் எண்டுதான் நினைக்கிறன். ஆனால் கழுவாமல் விட்டவையும் அப்பிடித்தானே நினைப்பினம்."

எனக்கு எரிச்சல் வரும். விசர்க்கதை கதைக்காதே என்று பேசுவேன். சுத்தத் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்தாயே, கோடு தட்டையாக இருந்ததே, ஊசியில் ஏதும் ஒட்டியிருந்தால் அதிலேயே தெரிந்திருக்குமே என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லுவேன். நீ எல்லாவற்றுக்கும் "ஓம் ஓம்" என்பாய். அடுத்த முறை அதையே கேட்பாய்.

பிறகு டெங்கு. வாடகை அறையில் காய்ச்சலோடு கிடந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனாயாம். உன்னை ஊருக்கு, கொழும்புத்துறைக்குக் கொண்டுவந்த அன்று உங்கள் ஒழுங்கை முகப்பில் எங்கள் நிறுவனத்தின் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியிருந்தது. நல்ல பெரிதாய்த்தான் அடித்திருந்தார்கள். உன் படம், பூ, கீழே "எமது முன்னாள் சக உத்தியோகத்தர்." கோயிலடியில் பெரிய சேர் நாலு வார்த்தை பேசினார். உன் வேலையில் எப்போதும் துல்லியம் இருந்ததாம். உன் அம்மா முன்வரிசையில் இருந்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டா.

போன மாதம் வலிகாமத்துக் கிணறுகளைச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு வேலை வந்தது. இடங்களின் பெயரில் உரும்பிராய் இருந்தது. வேறு யாரையும் விடாமல் நானே போனேன். அந்த வளவின் கேற்றைத் திறந்தது தோட்டக்காரரின் மனைவி. நல்ல மனுசி, வயது போனவ இல்லை, சிரித்த முகம். கதிரை போட்டு இருத்தினா. தண்ணீர்ப் போத்தலை நான் எடுத்ததும், "தாங்கோ பிள்ளை, நான் நிரப்பித் தாறன்" என்று கை நீட்டினா. வீட்டுக்குள் குசினிப் பக்கம் திரும்பி நடந்தா. கிணறு மற்றப் பக்கத்தில் இருந்தது.

"அக்கா, கிணறு அங்காலையெல்லோ?" என்றேன்.

"ஐயோ, உது தோட்டத்துக் கிணறு பிள்ளை. சவர்த்தண்ணி, வாயிலை வைக்க உப்பு. குடத்திலை கோயில் கிணத்துத் தண்ணி கிடக்கு. நல்ல தண்ணி. காலமைதான் இவர் சைக்கிளிலை கொண்டுவந்தவர்."

"எனக்குத் தோட்டத்துக் கிணத்துத் தண்ணிதான் வேணும்."

"உந்தச் சவரை ஆரும் வீட்டுக்கு வந்த ஆக்களுக்குக் குடுப்பினமோ? முந்தியும் உங்கடை பெரிய சேர் வந்தவர். பாவம், நல்ல வெய்யில். மாமரத்துக்குக் கீழை கதிரை போட்டு இருத்தி, செவ்விளநீர் வெட்டிக் குடுத்தனாங்கள். போத்தலுக்கும் குடத்துத் தண்ணிதான் விட்டுக் குடுத்தனான். அவ்வளவு பெரிய மனிசனிட்டைச் சவர்த்தண்ணியைக் குடுத்துவிடுறதோ?"

அந்த மனுசி என் முகத்தைப் பார்த்துப் பயந்து, "என்ன பிள்ளை, தலை சுத்துதோ?" என்று கேட்டா. பிறகு தானாகவே சொன்னா: "அதுக்கு முதல் ஒரு பிள்ளை வந்தது. சொல்லச் சொல்லக் கேக்காமல் தானே வாளியை இறக்கி அள்ளினது. நல்ல பிள்ளை. அது இப்ப எங்கை?"

மரியாதை தெரிந்த வீடு. வீட்டுக்கு வந்தவருக்கு உள்ளதில் நல்லதைக் கொடுத்தார்கள். வந்தவரோ கிணற்றை எட்டியும் பார்க்காமல் இளநீர் குடித்துவிட்டு, கொடுத்த போத்தலை வாங்கிக்கொண்டு வந்தார். யாரும் உனக்குப் பொறி வைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது. பொறி வைத்திருந்தால் வைத்தவரைத் திட்டியாவது ஆறியிருப்பேன்.

ஒரு துளியை வாயில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சவர்த்தண்ணீரும் கோயில் கிணற்றுத் தண்ணீரும் நாக்குக்கு அவ்வளவு வித்தியாசம். கடற்கரைப் பிள்ளை நீ, உனக்கு அந்தக் கணமே தெரிந்திருக்கும். ஆனால் உன்னை அந்தப் போத்தலுக்குப் பக்கத்தில் விடவில்லை. ஆய்வுகூடத்தில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது எங்களுக்கு முதல் நாள் படிப்பித்த பாடம். நான் பாடத்தை ஒழுங்காய்ப் பின்பற்றினேன். உப்பை அளந்து பார்க்கும் சின்னக் கருவி அதே மேசையில்தான் கிடந்தது. எங்களிடம் கேட்டது மருந்தை மட்டும். அதனால் மருந்தை மட்டும் பார்த்தோம்.

தோட்டத்துக் கிணற்றில் நானே வாளியை இறக்கினேன். எனக்கு உன்னைப்போல் இழுக்க வராது, கயிறு உள்ளங்கையை உரித்துவிட்டது. கொண்டுவந்து ஓட்டினேன். நீ சொன்ன நிமிடத்தில், நீ சொன்ன இடத்தில் கூர் எழும்பியது. முன்பைவிடக் குறைவுதான், ஆனால் ஆள் அவர்தான். மெசின் அறையில் நான் மட்டும் இருந்தேன். கதவோரம் திரும்பிப் பார்த்தேன்.

பின்வளவுக் குடும்பத்திடம் போய், இந்தத் தண்ணீரைக் குடிக்கவேண்டாம் என்று சொன்னேன். அந்தத் தாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவ்வளவு காலமும் குடிச்சதுக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டா.

பெரிய சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குடம், இளநீர், எல்லாம். அவர் பேனையைக் கையில் எடுத்தார்.

"சரி, நல்லது. புது முறையாலை கண்டுபிடிச்சனாங்கள் எண்டு எழுதுவம்."

"புது முறை இல்லை சேர். அதே முறை. அவ முந்தியே கண்டுபிடிச்சவ. அதையும் எழுத வேணும்."

"ஆள் செத்துப் போட்டா. இனி அதைக் கிளறி ஆருக்கு என்ன பிரயோசனம்?"

றிப்போட்டில் உன்னைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு வரியை என் முன்னாலேயே வெட்டினார். துல்லியமாகத்தான் வெட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கொழும்புத்துறைக்குப் போனேன். உன் அம்மா பூசை முடிந்து வந்து, உடுத்த சீலையோடு வாசற்படியில் இருந்தா. சோடா உடைத்துத் தந்தா. நான் குடத்துக் கதையைச் சொல்லச் சொல்ல முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. மெசின், நிரல், கூர் ஒன்றும் அவவுக்கு விளங்கவில்லை. விளங்கவேண்டியது விளங்கியது.

"அப்ப என்ரை பிள்ளை பிழை விடேல்லையோ?"

"இல்லை அம்மா. அவ செய்தது முழுக்கச் சரி."

"எல்லாரும் அவள் என்னவோ பிழை விட்டிட்டாளெண்டு சொல்லிச்சினம். நானும் அப்பிடித்தான் நினைச்சன். அவளே ஒருநாள் அழுதழுது சொன்னவள், என்ரை கைதான் பிழையம்மா எண்டு." சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டா. பிறகு கேட்டா: "அவளுக்குத் தெரியுமோ பிள்ளை?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"நான் கிழமைக்கு ஒருக்கால் சேமக்காலைக்குப் போய்க் கதைக்கிறனான். ஆனால் உதை எனக்குச் சொல்லத் தெரியாது. குழப்பிப் போடுவன். நீதானே அவளோடை வேலை செய்தனி. அவளுக்கு விளங்கிற மாதிரி நீயே ஒருக்காச் சொல்லிவிடு."

சேமக்காலைக்கு அவவோடு போனேன். உன் கல்லறைக்கு முன்னால் நின்றேன். வாய் வரவில்லை. இவ்வளவு சனத்தோடு சண்டை பிடித்த வாய், உனக்கு முன்னால் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் நிரலை லாச்சியில் திரும்ப வைக்கவில்லை, என் கைப்பையில் இருக்கிறது. உள்ளங்கையில் கயிறு உரித்த இடம் ஆறிவிட்டது. இப்போதெல்லாம் யார் போத்தலைக் கொண்டுவந்தாலும் "ஆர் அள்ளினது, எந்தக் கிணறு?" என்று கேட்கிறேன். எரிச்சல்படுகிறார்கள், படட்டும். தட்டைக் கோடு வந்தால் இன்னொருமுறை ஓட்டுகிறேன். நீ என்னை நம்பினாய். என்னை நம்பினதாலேயே உன்னை நம்பாமல் போனாய். இதை நான் யாரிடமும் இறக்கிவைக்க முடியாது.

கேள். நீ ஊசியைக் கழுவினாய். வடிவாகக் கழுவினாய். உன் கூர் உண்மை. நான் ஓட்டினதும் சரிதான், ஆனால் அது உன் கிணற்றுத் தண்ணீர் இல்லை.

அம்மா சொல்லச் சொன்னா. சொல்லிவிட்டேன்.